கால் பலமாகத்தான் இருக்கிறது, நடை எங்கே போனது?

"கால்ல கொஞ்சம் பலம் வந்துட்டா நடந்துருவான்ல, மேடம்?"

தலைக்காயம் பட்டு ஐ.சி.யூ.வில் கிடந்து பிழைத்து வந்த பையனின் அம்மா, பெருமூளை வாதம் உள்ள பேத்தியைத் தூக்கிக்கொண்டு வரும் தாத்தா, மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு நடை தடுமாறும் மகளின் அப்பா என்று பிசியோதெரபி அறைக்கு முதன்முதலாக வருகிற பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இது. அந்தப் பையனையே கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, "என் கையை எட்டி உதை பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். நன்றாகவே உதைப்பான். எழுப்பி நிறுத்தினால் சாய்ந்துவிடுவான். இரண்டு நிமிடத்தில் கால் மாறிவிடவில்லை.

படுத்தபடி உதைக்கத் தசையில் பலம் இருந்தால் போதும். நிற்கவும் நடக்கவும், அந்தப் பலத்தை எந்தத் தசையில், எந்த நொடியில், எவ்வளவு செலவழிப்பது என்ற கணக்கு வேண்டும். கணக்குப் பார்ப்பது மூளை. அடிபட்டது அங்கேதான். மூளைக்காயம் பட்ட குழந்தைகளுக்கு நடைப் பயிற்சி ஏன் இப்படியெல்லாம் கொடுக்கிறார்கள் என்பது இந்த இடத்திலிருந்து பார்த்தால் விளங்கும்.

மூளைக்காயத்தை இங்கே இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். வயிற்றில் இருக்கும்போதோ பிறக்கும்போதோ பிறந்த சில காலத்துக்குள்ளோ வளரும் மூளை சேதமடைவது ஒன்று. பெருமூளை வாதம் என்பது இதனால் வருவது. ஓடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இடையில் வருவது இன்னொன்று: மொட்டை மாடியிலிருந்து விழுந்தது, பைக் விபத்து, மூளைக்காய்ச்சல், தண்ணீரில் மூழ்கி மூச்சு நின்றுபோனது. முதல் குழந்தை இதுவரை அறியாததைக் கற்கிறது. இரண்டாவது குழந்தை தெரிந்ததைத் தேடுகிறது. பயிற்சி வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் "போன மாசம் சைக்கிள் ஓட்டினேனே" என்று சொல்லத் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளையின் கோபம் முதல் வகைக் குழந்தையிடம் இருக்காது. அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் தெரபி செய்ய வேண்டியிருக்கிறது.

ஒற்றைக்கால் கணக்கு

ஒரு பாதம் தரையைத் தொட்டதிலிருந்து அதே பாதம் மறுபடி தரையைத் தொடும்வரை ஒரு சுற்று என்று வையுங்கள். சாதாரண நடையில் அந்தச் சுற்றில் சுமார் 60 சதவீத நேரம் அந்தப் பாதம் தரையில் இருக்கும், 40 சதவீத நேரம் காற்றில் இருக்கும். மற்ற காலுக்கும் இதே கணக்கு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், இரு பாதமும் ஒருசேரத் தரையில் இருப்பது சுமார் 20 சதவீத நேரம்தான். மிச்ச நேரம் முழுக்க நாம் ஒற்றைக்காலில் நிற்கிறோம். கடைக்குப் பால் வாங்கப் போய்வருவதில் பெரும்பகுதி ஒற்றைக்கால் தவம்.

போதாததற்கு, ஒவ்வொரு அடியிலும் உடலை முன்னால் சாய விடுகிறோம். விழப் போகும் நேரத்தில் அடுத்த கால் வந்து தாங்குகிறது. விழுவதும் தாங்குவதும் மாறி மாறி நடப்பதைத்தான் நடை என்கிறோம். தாங்கும் கால் ஒரு கணம் தாமதித்தாலும், சரியான இடத்துக்கு வராமல் தள்ளிப்போய் ஊன்றினாலும் விழுந்துவிடுவோம்.

மூன்று தூதர்கள்

உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மூளைக்கு எப்படித் தெரியும்? மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. கண் ஒன்று. உள்காதில் அரைவட்டமாக வளைந்த மூன்று குழாய்களும் அவற்றை ஒட்டிய இரண்டு சிறு பைகளும் இன்னொன்று. தலை திரும்புவதையும் சாய்வதையும் அவை சொல்லும். மூன்றாவது, பாதத்தின் தோலும் மூட்டுகளும் தசைகளும் அனுப்பும் செய்தி. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் முழங்கால் மடங்கியிருக்கிறதா நீண்டிருக்கிறதா என்று சொல்ல முடிவது இதனால்தான்.

கண்ணாமூச்சி ஆடும்போது கண்ணைக் கட்டியதும் நடை மாறுகிறதே, அது ஒரு தூதர் இல்லாத நிலை. ஒருவர் பேசாவிட்டால் மற்ற இருவரை நம்பி மூளை சமாளிக்கும். மூவரும் சொல்வது முரண்பட்டால் யாரை நம்புவது என்று தீர்மானிக்கும். சிறு குழந்தைகள் கண்ணைத்தான் அதிகம் நம்புகிறார்கள். இந்த மூன்றையும் பெரியவர்களைப்போல எடைபோடும் பழக்கம் ஏறக்குறைய ஏழு வயதுக்கு மேல்தான் படிகிறது. ஆகவே மூன்று வயதில் அடிபட்ட பிள்ளைக்கும் பத்து வயதில் அடிபட்ட பிள்ளைக்கும் தொடங்கும் இடமே வேறு.

செய்தி வந்த பிறகு செயல். அதிலும் இரண்டு விதம் உண்டு. டவுன் பஸ்ஸில் நின்றபடி பயணம் செய்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் உடல் தன்னையறியாமல் ஓர் அடி எடுத்து வைத்துத் தாங்கிக்கொள்கிறது. இது நடந்த பிறகு வரும் எதிர்வினை. வழக்கமாகப் போகிற வழியில் வளைவு வரப்போகிறது என்று தெரிந்தால் பஸ் திரும்பும் முன்பே காலை அகட்டிக்கொள்கிறோம். இது முன்கூட்டிய தயாரிப்பு. பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்குகிறீர்கள் என்றால், கைத்தசை சுருங்குவதற்குக் கண நேரம் முன்பே கால் தசையும் முதுகுத் தசையும் சுருங்கி உடலை நிலைப்படுத்திவிடும். நமக்கு அது தெரியவே தெரியாது. மூளைக்காயம் பட்ட குழந்தைகளிடம் பெரும்பாலும் இந்த முன்தயாரிப்புதான் தாமதமாகிறது. சும்மா நிற்பான். பந்தை நீட்டினால் வாங்கக் கை எழும், உடல் கூடவே சரியும்.

அடிபட்ட இடமும் தடுமாறும் விதமும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஏன் கையைவிடக் கால் அதிகம் பாதிக்கப்படுகிறது என்று பலர் கேட்பார்கள். மூளையின் நடுவே திரவம் நிறைந்த அறைகள் இருக்கின்றன. காலுக்குப் போகும் நரம்பிழைகள் அந்த அறைகளுக்கு மிக நெருக்கமாக இறங்குகின்றன. கைக்குப் போகிறவை சற்றுத் தள்ளி. குறைமாதக் குழந்தையின் மூளையில் எளிதில் சேதமாவது அந்த அறைகளை ஒட்டிய பகுதி. அதனால் கெண்டைக்காலும் தொடையின் உட்பக்கமும் இறுகி, முன்பாதத்தில் நடப்பது, கால்கள் கத்தரிபோல ஒன்றையொன்று வெட்டுவது எல்லாம் வருகிறது.

சிறுமூளை அடிபட்டால் இறுக்கம் இருக்காது, தடுமாற்றம் இருக்கும். காலை அகல வைத்து, ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு நீளத்தில் விழும். பிறந்தவுடன் மஞ்சள் காமாலை மிகக் கடுமையாகி மூளையின் ஆழத்தில் இருக்கும் பகுதிகள் கெட்டுப்போனால் உடல் கேட்காமலே முறுக்கிக்கொள்ளும். விபத்தில் தலை வேகமாகக் குலுங்கும்போது மூளைக்குள் நீண்ட நரம்பிழைகள் பல இடங்களில் ஒரே நேரத்தில் அறுந்துபோகலாம். இப்படிப்பட்ட பிள்ளை சில மாதங்களில் எழுந்து நடந்துவிடுவதும் உண்டு. வீட்டில் எல்லோரும் சாமிக்கு நேர்ந்ததைச் செலுத்திவிட்டு வருவார்கள். பிறகு பள்ளிக்குப் போனால், மணி அடித்துப் பிள்ளைகள் கூட்டமாக ஓடிவரும் வராந்தாவில் விழுவான். காலி அறையில் நடப்பதும், பேசிக்கொண்டே, பை சுமந்துகொண்டே, இடிபட்டுக்கொண்டே நடப்பதும் மூளைக்கு வேறு வேறு வேலைகள். கவனமும் அடிவாங்கியிருப்பதால் இரண்டாவது வேலை சேர்ந்ததும் நடை கலைகிறது. "நல்லா நடக்கிறான், கவனம்தான் இல்லை" என்று திட்டுகிறோமே, இந்தக் குழந்தைகளில் கவனம் நடையின் ஒரு பகுதி.

"சின்ன வயசு, சீக்கிரம் சரியாயிரும்" என்ற ஆறுதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1930களில் மார்கரெட் கென்னார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளை வைத்து ஆராய்ந்தபோது, குட்டியாக இருக்கும்போது மூளையில் காயம் பட்டவை வளர்ந்தபின் காயம் பட்டவற்றைவிட நன்றாகத் தேறின. இளமூளை தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய துணை. ஆனால் பாதிதான் உண்மை. பிற்காலத்தில் தேவைப்படப்போகும் திறன்கள் அடிபட்ட பகுதியில் இருந்தால், அந்த வயது வரும்போதுதான் குறை வெளியே தெரியும். அதோடு எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை ஈடுகொடுக்காது. பத்து, பன்னிரண்டு வயதில் பிள்ளை சரசரவென்று உயரும்போது குதிகால் மறுபடி தரையை விட்டு எழும்பும். நோய் முற்றிவிட்டதோ என்று பெற்றோர் பயந்துபோவார்கள். பெருமூளை வாதத்தில் மூளைச் சேதம் கூடுவதில்லை. வளர்த்தியால் தசைதான் குட்டையாகத் தெரிகிறது.

மணிக்கு 2,368 அடி

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பாடினார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதில் சப்பாணி: உட்கார்ந்து கைகொட்டுவது. பதின்மூன்றில் வருகை: தளர்நடை போட்டு வா என்று அழைப்பது. முதலில் தலை, பிறகு உட்கார்ந்த உடல், அப்புறம்தான் கால். தெரபி அட்டவணையும் இதே வரிசையில்தான் போகிறது. தலையும் இடுப்பும் நிலைக்காத குழந்தையை நேராக வாக்கரில் நிறுத்தினால் கால் மட்டும் பாவம் என்ன செய்யும்?

வருகைப் பருவத்துக் குழந்தை எவ்வளவு பயிற்சி எடுக்கிறது தெரியுமா? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃபின் குழு 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம்போக்கில் விளையாடுவதைப் படமெடுத்து எண்ணியது. 2012இல் வெளியான கணக்கு: சராசரியாக மணிக்கு 2,368 அடிகள், 17 விழுகைகள். நேர்கோட்டில் நடந்து பழகவில்லை. வளைந்து, நின்று, திரும்பி, எதையோ எடுக்கப் போய், மறந்துபோய் வேறெங்கோ போய். யாரும் சொல்லிக்கொடுக்காத பயிற்சித் திட்டம் அது.

இதைத் தெரபி அறையில் வாரம் மூன்று நாள், அரைமணி நேரம் கிடைக்கும் அடிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூளை கற்பது எண்ணிக்கையாலும் வித்தியாசங்களாலும். அப்படியென்றால் பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில், தெருவில், பள்ளியில் நடந்தாக வேண்டும். தெரபிஸ்ட் செய்ய வேண்டிய வேலை, எதை எப்படிச் செய்வது என்று வீட்டாருக்குக் காட்டிக்கொடுப்பது.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரலாம். தைலம் தடவி உருவிவிடுவது குழந்தைக்கு இதமாக இருக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம் கூடும். அதனால் நடை வராது. உருவும்போது உழைப்பது உருவுகிறவர்; குழந்தையின் மூளை எந்த முடிவும் எடுக்கவில்லை. தெரபிஸ்டே காலைப் பிடித்து மடக்கி நீட்டுவதிலும் இதே குறைதான். இறுக்கம் கூடாமல் பார்த்துக்கொள்ள நீட்டுவது தேவைப்படலாம். ஆனால் அதோடு தெரபி முடிந்தது என்று அனுப்பினால், "பிள்ளை தானா என்ன செஞ்சான்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

உண்மையில் என்ன செய்வார்கள்

மிக எளிமையானதும் மிகப் பயனுள்ளதும் ஸ்டூலிலிருந்து எழுந்து உட்காருவது. எழும்போது எடையைப் பின்னாலிருந்து பாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும். பலம், சமநிலை இரண்டும் ஒரே அசைவில். உயரமான ஸ்டூலில் தொடங்கிப் போகப் போக உயரத்தைக் குறைக்கலாம். அடுத்தது ஒரு பலகையில் ஏறி இறங்குவது, முன்பக்கமும் பக்கவாட்டிலும். பெருமூளை வாதமும் கடுமையான தலைக்காயமும் உள்ள பள்ளிவயதுக் குழந்தைகளை வைத்து இஸ்ரேலில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், 2009இல் வெளியானது, இந்த இரண்டையும் ஆறு வாரம் வீட்டிலேயே செய்யவைத்தார்கள். சமநிலை தேறியது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழும் வீடுகளில் இந்தப் பயிற்சிக்குத் தனி நேரம்கூட வேண்டாம்.

பிறகு எட்டி எடுப்பது. சுவரில் பொட்டு ஒட்டிவைத்து, நின்றபடி ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வது. பொட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எட்டாத பக்கம் தள்ளி ஒட்டுவது. நான் மேலே சொன்ன முன்தயாரிப்புக்கு இதைவிட மலிவான பயிற்சி கிடையாது. நடை ஓரளவு வந்த பிள்ளைகளுக்குப் பாண்டி. கட்டத்துக்குள் ஒற்றைக்காலில் தாவ வேண்டும், திரும்ப வேண்டும், அந்தக் காலிலேயே நின்று குனிந்து சில்லை எடுக்க வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது, எதிராளி கேலி செய்வதையும் தாங்க வேண்டும். விலையுயர்ந்த சமநிலைக் கருவிகள் பல இதில் பாதியைத்தான் செய்கின்றன. மணல், புல், சரிவு, வரப்பு என்று தரையை மாற்றுவது. டம்ளரில் தண்ணீர் எடுத்துவரச் சொல்வது. நடந்துகொண்டே நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வது, தலைக்காயம் பட்ட பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். மெத்தைமேல் எப்படி விழுவது என்றும் கற்றுக்கொடுப்பார்கள்: கையை முன்னால் நீட்டு, முகத்தைத் திருப்பு, எழும்பு. விழப் பயந்த பிள்ளை அடி எடுத்து வைக்காது.

பெரிய மையங்களில் உடலைக் கச்சையில் தொங்கவிட்டு ட்ரெட்மில்லில் நடக்கவைப்பதைப் பார்த்திருக்கலாம். 1911இல் தாமஸ் கிரஹாம் பிரவுன் என்ற விஞ்ஞானி, மூளையோடு தொடர்பு அறுந்த நிலையிலும் பூனையின் தண்டுவடம் மாறி மாறிக் கால் வீசும் தாளத்தை உண்டாக்குவதைக் காட்டினார். காலை மாற்றி வைக்கும் தாளம் தண்டுவடத்திலேயே இருக்கிறது. ட்ரெட்மில் அதைத் தட்டி எழுப்பப் பார்க்கிறது. நடையின் வேகமும் தூரமும் அதிகரிக்க அது உதவும். ஆனால் கச்சை விழாமல் பார்த்துக்கொள்கிறது அல்லவா, சமநிலை வேலை அங்கே பிள்ளைக்கு இல்லை. இறங்கிய பிறகு தரையிலும் நடக்கவைக்காவிட்டால் பாதிப் பாடம் பாக்கி.

காலில் மாட்டும் ஸ்ப்ளின்ட் என்ற தாங்கியைப் பற்றிச் சுருக்கமாக. கணுக்காலை நேராகப் பிடித்துவைத்து, குதிகால் தரையில் பட வழிசெய்கிறது. மூளை சமாளிக்க வேண்டிய மூட்டுகளில் ஒன்று குறைகிறது. வளரும் பிள்ளைக்குச் சட்டை மாற்றுவதுபோல இதையும் மாற்ற வேண்டும். இறுகிய தசைக்குப் போடும் போட்டாக்ஸ் ஊசி மூன்று நான்கு மாதம் இறுக்கத்தைத் தளர்த்தும். அந்த மாதங்களில் தீவிரமாகப் பயிற்சி கொடுக்கத்தான் அந்த ஊசி. போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் காசுக்குக் கேடு.

நடப்பானா?

பெருமூளை வாதத்தில் இதற்கு ஓரளவு நேர்மையான பதில் சொல்ல வழி இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் ஐந்து நிலைகளாக ஒரு வகைப்பாட்டைத் தந்தார்கள். முதல் நிலைக் குழந்தை துணையின்றி நடந்து படியேறும். மூன்றாம் நிலைக் குழந்தைக்கு வாக்கரோ ஊன்றுகோலோ வேண்டும். ஐந்தாம் நிலையில் சக்கர நாற்காலியில் பிறர் அழைத்துப்போக வேண்டும். 2002இல் ஒண்டாரியோவின் 657 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட கணக்கின்படி, முதல் நிலைக் குழந்தைகள் தம் இயக்கத் திறனில் 90 சதவீதத்தை ஏறக்குறைய ஐந்து வயதுக்குள் எட்டுகிறார்கள். ஐந்தாம் நிலைக் குழந்தைகள் மூன்று வயதுக்கு முன்பே. சின்ன வயதில் தெரபிக்கு அவசரப்படுத்துவது இதனால்தான். விபத்தில் அடிபட்ட பிள்ளைகளுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. அவர்களிடம் முதல் சில மாதங்களின் வேகத்தையும், மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்பதுபோன்ற சோதனைகளையும் வைத்துப் பார்க்க வேண்டும். 14 செயல்கள், மொத்தம் 56 மதிப்பெண் என்று குழந்தைகளுக்கான சமநிலை அளவுகோல் ஒன்றும் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "பரவாயில்லை, முன்னேற்றம் தெரியுது" என்ற வார்த்தையைவிட எண் நம்பகமானது.

சக்கர நாற்காலி வாங்குவதைத் தோல்வியாக நினைக்கிற வீடுகள் ஏராளம். இறுகிய கால்களோடு நடக்கும் பிள்ளை அதே தூரத்துக்கு மற்ற பிள்ளைகளைவிட அதிக ஆற்றலைச் செலவழிக்கிறது. பள்ளிக் கேட்டிலிருந்து வகுப்புவரை வாக்கரில் போய்ச் சேர்ந்ததுமே களைத்துப்போனால் கணக்குப் பாடம் மண்டையில் ஏறுமா? வீட்டுக்குள் நடை, வெளியே நாற்காலி என்று வைத்துக்கொள்வதில் ஒரு குற்றமும் இல்லை.

தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் இயங்கும், குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் (DEIC) குழந்தையைக் காட்டலாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் பிசியோதெரபிஸ்ட் வரும் நாளைத் தலைமையாசிரியரிடம் கேட்கலாம். வந்த திறன் ஒன்று திரும்பப் போனாலோ, தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தாலோ, வலிப்பு வந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். இறுக்கம் உள்ள குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவும் ஆபத்து இருப்பதால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுப்பதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

கடைசியாக, பிடிக்கும் விதம். பெரும்பாலான அப்பாக்கள் பிள்ளையின் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடத்துவார்கள். எடை முழுக்க அப்பாவின் கையில் இருக்கும், பிள்ளை தொங்கிக்கொண்டு கால் வீசும். பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடுப்பை இரு பக்கமும் பிடியுங்கள். ஒரு வாரத்தில் பிடியை விரல் அளவுக்குக் குறையுங்கள். பிறகு முன்னால் வந்து ஒரு துண்டின் ஒரு முனையை அவனிடம் கொடுத்து மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாட்களில் துண்டு விறைப்பாக இருக்கும், அவன் அதை இழுத்துப் பிடித்துத்தான் நடப்பான். நாளாக ஆகத் துண்டு நடுவில் தொய்யத் தொடங்கும். தொய்ந்த துண்டு எதையும் தாங்குவதில்லை. அது அவனுக்குத் தெரியாது, சொல்ல வேண்டாம்.